மூளைக் கட்டிக்கு எந்த டிஃப்யூஷன்? உயர் தெளிவு எம்ஆர்ஐ நுட்பங்களை ஒப்பிடப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீர் மூலக்கூறுகள் திசுவில் பரவுவதைப் படமாக்கும் டிஃப்யூஷன் வரிசையின் பெயரோடு ‘ஹை-ரெஸ்’ என்று கன்சோலில் ஒட்டியிருந்தால், அது பெரும்பாலும் ஒரே ஒரு சங்கதியைத்தான் சொல்கிறது: வாக்சல், அதாவது படத்தின் மிகச் சிறிய கன அலகு, சிறியது. வாக்சல் சிறியதாக இருந்தும் கட்டியின் விளிம்பு உண்மையான இடத்திலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி நிற்கலாம். விளிம்பு சரியாக விழுந்தும் உள்ளே அளந்த எண் தவறாக இருக்கலாம். அதனால் இரண்டு நுட்பங்களை ஒப்பிடும்போது நான் பார்க்கும் வரிசை இது: முதலில் இடம் சரியா, அடுத்து எண் சரியா, கடைசியில்தான் படம் கூர்மையா. விற்பனைக்கு வருபவர்கள் காட்டும் படங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கித்தான் வரும்.

எம்ஆர்ஐ பிரிவில் புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன்கள், ரேடியாலஜி முதுநிலை மாணவர்கள், மருத்துவ இயற்பியல் ஆய்வில் காலடி வைப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். நோயாளிகளும் உறவினர்களும் இதைக் கொண்டு தங்கள் ஸ்கேனை எடைபோட வேண்டாம். அந்த வேலைக்கு உங்கள் மருத்துவர் இருக்கிறார்.

தொடங்குமுன் தேவையான அளவு இயற்பியல்

உடல் சூட்டில், தடையேதும் இல்லாத நீரின் விரவல் கெழு சுமார் 3.0 × 10⁻³ மிமீ²/நொடி. மூளைத் திசுவில் செல் சவ்வுகளும் நார்களும் குறுக்கே நிற்பதால் அது 0.7 முதல் 0.8 வரை இறங்கிவிடுகிறது. இப்படி அளக்கப்படும் எண்ணைத்தான் ஏடிசி (தோற்ற விரவல் கெழு) என்கிறோம். செல்கள் நெருக்கியடித்து வளரும் கட்டியில் அது இன்னும் குறையும்; அழுகிக் கரைந்த பகுதியிலும் நீர்க்கட்டியிலும் ஏறும். இனி வரும் ஏடிசி எண்கள் எல்லாம் இதே 10⁻³ அலகில்.

பி-மதிப்பு என்பது டிஃப்யூஷன் கிரேடியன்ட் (இடத்துக்கு இடம் மாறும் கூடுதல் காந்தப்புலம்) எவ்வளவு அழுத்தமாக வேலை செய்கிறது என்பதன் அளவு. பி 1000 வைத்தால், ஏடிசி 0.8 உள்ள திசுவின் சிக்னல் சுமார் 45 விழுக்காடாகக் குறையும். ஏடிசி 3 உள்ள திரவத்தில் எஞ்சுவது 5 விழுக்காடு. அந்த 5 விழுக்காடு பின்னால் நமக்குத் தொல்லை தரும், நினைவில் வையுங்கள்.

ஸ்டெஸ்கலும் டேனரும் 1965இல் அமைத்த கிரேடியன்ட் ஜோடிதான் இன்றைக்கும் அடிப்படை. 1986இல் டெனி லெ பிஹான் குழு அதை மூளைப் படமாக்கலுக்குக் கொண்டுவந்தது. அதை மருத்துவமனைக்கு உகந்த வேகத்துக்கு இழுத்துவந்தது எக்கோ பிளானார் முறை, சுருக்கமாக இபிஐ. பீட்டர் மான்ஸ்ஃபீல்டு 1977இல் முன்வைத்தது. வேகத்தைக் கொடுத்ததும் அதுதான், நாம் இங்கே பேசப்போகும் அத்தனை கோணல்களையும் கொடுத்ததும் அதுதான்.

படி 1: கேள்வி என்னவென்று தாளில் எழுதுங்கள்

“கட்டியைப் பார்க்க” என்பது கேள்வி ஆகாது. மூளையின் மேற்பகுதியில் வளையமாக ஒளிரும் ஒரு புண் சீழ்க்கட்டியா, கிளியோபிளாஸ்டோமாவா என்பது ஒரு கேள்வி. சீழின் நடுவே ஏடிசி தாழ்ந்திருக்கும், கிளியோபிளாஸ்டோமாவின் அழுகிய நடுப்பகுதியில் உயர்ந்திருக்கும். இதற்கு சாதாரண சிங்கிள்-ஷாட் இபிஐ (ஒரு ஸ்லைஸின் தரவு முழுவதையும் ஒரே தூண்டலில் படிப்பது) ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடும். உயர் தெளிவு நுட்பத்தில் ஐந்து நிமிடம் செலவழிப்பது வீண்.

லிம்ஃபோமாவா என்ற சந்தேகத்திலும், குழந்தையின் சிறுமூளைப் பகுதியில் இருப்பது மெடுல்லோபிளாஸ்டோமாவா, பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமாவா என்ற சந்தேகத்திலும் எண்தான் முக்கியம். முதலிரண்டிலும் ஏடிசி தாழ்வு, மூன்றாவதில் உயர்வு. சிறுமூளை என்பதால் இடமும் கொஞ்சம் முக்கியம்.

பிட்யூட்டரிக் கட்டி, மண்டையோட்டின் அடித்தளத்து மெனிஞ்சியோமா, சிறுமூளை-பான்ஸ் கோணத்து எபிடெர்மாய்டு இவையெல்லாம் வேறு ரகம். காற்று நிறைந்த எலும்பறைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவை. இங்கே சிங்கிள்-ஷாட் படம் கட்டியையே நசுக்கிவிடும். அறுவைக்குப் பின் மிச்சமிருக்கும் சின்ன எபிடெர்மாய்டு துண்டைத் தேடும்போது இது நேரடியாக நோயாளியைப் பாதிக்கும் விஷயம்.

அறுவை முடிந்த முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் எடுக்கும் டிஃப்யூஷன் தனி வகை. வெட்டிய குழியின் ஓரத்தில் ரத்த ஓட்டம் இழந்த திசு அப்போது பளிச்சென்று தெரியும். சில வாரங்கள் கழித்து அதே இடம் கான்ட்ராஸ்ட்டில் ஒளிரும். முதல் படம் கையில் இல்லையென்றால் கட்டி திரும்பிவிட்டது என்று பயந்துபோவார்கள். இங்கே எதிரி ரத்தக் கசிவும், காற்றும், உலோகத் தட்டுகளும்.

கடைசியாக நார்ப்பாதை வரைதல். கைகால் அசைவுக்கான பாதை கட்டியிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி ஓடுகிறது என்று நரம்பு அறுவை நிபுணர் கேட்கிறார். இதற்கு முழு மூளை வேண்டும், பல திசைகள் வேண்டும், இடமும் பிசகக் கூடாது.

இந்த ஐந்தில் உங்கள் மையத்துக்கு எது அதிகம் வருகிறது என்று தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 2: சிதைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

இது பலர் தவிர்க்கும் படி. ஆனால் ஒரு பெருக்கல் போதும். இபிஐ தரவை வரி வரியாகப் படிக்கிறது: ஒரு வரிக்குள் ஓடும் திசை ரீட்அவுட், வரிக்கு வரி நகரும் திசை ஃபேஸ், அடுத்தடுத்த இரு வரிகளுக்கு இடையிலான நேரம் எக்கோ இடைவெளி. காற்றும் எலும்பும் காந்தப்புலத்தைக் கலைப்பதால் வருவது அதிர்வெண் பிசகு.

தள்ளிப்போகும் தூரம் (மிமீ) = அதிர்வெண் பிசகு (ஹெர்ட்ஸ்) × பயனுறு எக்கோ இடைவெளி (நொடி) × ஃபேஸ் திசையில் பார்வைப்புலம் (மிமீ).

3 டெஸ்லாவில் ஸ்ஃபீனாய்டு எலும்பறைக்கு மேலே 100 ஹெர்ட்ஸ் பிசகு என்று எடுத்துக்கொள்வோம். சிங்கிள்-ஷாட் இபிஐயில் எக்கோ இடைவெளி 0.8 மில்லிநொடி, பார்வைப்புலம் 240 மிமீ. 100 × 0.0008 × 240 = 19 மிமீ. பேரலல் இமேஜிங் (பல காயில்கள், அதாவது சிக்னலை வாங்கும் சுருள்கள், இருப்பதால் சில வரிகளைப் படிக்காமல் விடும் முறை) 2 மடங்கு போட்டால் பயனுறு இடைவெளி பாதியாகி 9.6 மிமீ. ஒரு சென்டிமீட்டர்! பிட்யூட்டரியின் உயரமே அவ்வளவுதான் இருக்கும்.

இந்தச் சூத்திரத்தில் பிக்சல் எண்ணிக்கையே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? 128க்குப் பதில் 192 என்று மேட்ரிக்ஸை ஏற்றினால் கோணல் குறையும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். ரீட்அவுட் திசையில் பிக்சலைக் கூட்டினால் ஒவ்வொரு வரியையும் படிக்க அதிக நேரமாகும், எக்கோ இடைவெளி நீளும், கோணல் கூடும். ஃபேஸ் திசையில் கூட்டினால் எக்கோ தொடர் நீண்டு எக்கோ நேரம் (தூண்டியதிலிருந்து சிக்னலைப் படிக்கும் வரையான நேரம்) ஏறும், சிக்னல் இறங்கும், டி2-ஸ்டார் தேய்மானத்தால் (படிக்கும்போதே சிக்னல் தேய்வதால்) படம் மங்கும். சிங்கிள்-ஷாட்டில் வெறுமனே மேட்ரிக்ஸை ஏற்றுவது உயர் தெளிவுக்கு வழியே அல்ல.

கொழுப்புக்கும் அதே கணக்கு. 3 டெஸ்லாவில் கொழுப்பும் நீரும் சுமார் 440 ஹெர்ட்ஸ் விலகி நிற்கின்றன. பேரலல் இமேஜிங் 2 போட்ட மேற்சொன்ன அமைப்பில் 440 × 0.0004 × 240 = 42 மிமீ. தலைத்தோலின் கொழுப்பு நான்கு சென்டிமீட்டர் உள்ளே நகர்ந்து மூளையின்மேல் வில்லாக விழும். கொழுப்பு அடக்கம் சரியில்லாத ஒரு நாளில் அந்த வில் கட்டியின் மேலேயே விழுந்தால் ஏடிசியும் போச்சு.

படி 3: போட்டியாளர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

கோணலைக் குறைக்க எல்லா நுட்பங்களும் மேற்சொன்ன பெருக்கலின் ஏதோ ஒரு உறுப்பைத்தான் குறைக்கின்றன. அப்படிப் பார்த்தால் குழப்பமில்லை.

ரீட்அவுட் செக்மென்டட் இபிஐ. டேவிட் போர்ட்டரும் ரோபின் ஹைடெமானும் 2009இல் விவரித்தது. சீமன்ஸ் இயந்திரங்களில் ரிசால்வ் என்ற பெயரில் இருக்கும். கே-வெளியை (படமாக மாறும் முன் தரவு நிரம்பும் தளத்தை) ரீட்அவுட் திசையில் ஐந்து ஏழு பட்டைகளாக வெட்டி, ஒரு ஷாட்டுக்கு ஒரு பட்டை படிக்கும். ஒவ்வொரு வரியும் குட்டையானதால் எக்கோ இடைவெளி 0.35 மில்லிநொடிக்கு அருகே வந்துவிடும். பேரலல் இமேஜிங் 2உடன் சேர்த்தால் 100 ஹெர்ட்ஸுக்கு சுமார் 4 மிமீ. சிங்கிள்-ஷாட்டின் 9.6 எங்கே, இது எங்கே. எக்கோ தொடர் குறுகுவதால் மங்கலும் குறையும்.

பல ஷாட்களில் எடுப்பதற்கு ஒரு விலை உண்டு. டிஃப்யூஷன் கிரேடியன்ட் ஓடும்போது ரத்தத் துடிப்பால் மூளை மயிரிழை அளவு அசைந்தாலும் அந்த ஷாட்டின் ஃபேஸ் (இங்கே திசை அல்ல, சிக்னல் அலையின் கட்டம்) மாறிவிடும். ஷாட்டுக்கு ஷாட் மாறும் ஃபேஸைத் திருத்தாமல் ஒட்டவைத்தால் படம் முழுக்கப் பேய் நிழல்கள். சிங்கிள்-ஷாட்டுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, எல்லாம் ஒரே மூச்சில் முடிந்துவிடுகிறது. ரிசால்வ் என்ன செய்கிறதென்றால், ஒவ்வொரு ஷாட்டுக்குப் பின்னும் இரண்டாவது எக்கோ ஒன்றை நேவிகேட்டராக எடுத்து அதைக் கொண்டு ஃபேஸைத் திருத்துகிறது. மிக மோசமாக அசைந்த ஷாட்டை அப்போதே திரும்ப எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் சில நோயாளிகளுக்கு ஸ்கேன் சொன்ன நேரத்தைத் தாண்டி ஓடும்.

மியூஸ். நான்-குவே சென் குழு 2013இல் வெளியிட்டது. ஜிஇ இயந்திரங்களில் அதே பெயரில் கிடைக்கும். இது ஃபேஸ் திசையில் வரிகளைப் பங்குபோட்டுக்கொள்கிறது: நான்கு ஷாட் என்றால் ஒவ்வொன்றும் நான்கில் ஒரு வரி. பயனுறு எக்கோ இடைவெளி 0.8இலிருந்து 0.2க்கு வருகிறது, 100 ஹெர்ட்ஸுக்கு 4.8 மிமீ. தனி நேவிகேட்டர் கிடையாது. ஒவ்வொரு ஷாட்டையும் காயில் உணர்திறனை வைத்துத் தனிப்படமாக மீட்டு, அதிலிருந்தே ஃபேஸை அறிந்து, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக மீட்கிறது. நேரம் மிச்சம். ஆனால் ஷாட் எண்ணிக்கையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. ஒவ்வொரு ஷாட்டின் தனிப்படமும் இரைச்சலில் மூழ்கிவிட்டால் ஃபேஸ் கணிப்பும் மூழ்கும். நல்ல தலைக் காயில் இல்லாத இயந்திரத்தில் இதை வாங்கி ஏமாறாதீர்கள். பிலிப்ஸ் பக்கத்தில் ஐரிஸ் என்ற முறை இதே போல வரிகளைப் பங்கிட்டு, கூடவே நேவிகேட்டரும் வைத்துக்கொள்கிறது.

குறுக்கிய பார்வைப்புலம். ஃபோகஸ், ஜூமிட் என்ற பெயர்களில் வருபவை. இரு பரிமாண ஆர்எஃப் (ரேடியோ அலை) துடிப்பால் ஒரு மெல்லிய பட்டையை மட்டும் தூண்டுவதால், பெருக்கலின் மூன்றாவது உறுப்பு சுருங்குகிறது. 240 மிமீக்குப் பதில் 80 மிமீ என்றால் கோணல் மூன்றில் ஒன்று. பிட்யூட்டரி, மூளைத்தண்டு, முதுகுத்தண்டு இவற்றுக்கு அருமை. முழு மூளைக்கு உதவாது. கட்டி எங்கே என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

டர்போ ஸ்பின் எக்கோ வழி டிஃப்யூஷன். ஜேம்ஸ் பைப்பின் புரொபெல்லர், சீமன்ஸ் மொழியில் பிளேடு. ஒவ்வொரு எக்கோவுக்கும் முன் மறுகுவிப்புத் துடிப்பு இருப்பதால் காந்தப்புலப் பிசகு சேர்ந்துகொண்டே போவதில்லை. இபிஐ வகைக் கோணல் இல்லவே இல்லை என்று சொல்லலாம். விலை: நேரம் அதிகம், தலைக்குள் இறங்கும் ஆர்எஃப் சக்தி அதிகம், அதே நிமிடங்களுக்குச் சிக்னல் குறைவு. காதுக்குள் வரும் கொலஸ்டியடோமாவுக்கு இபிஐ அல்லாத டிஃப்யூஷன் நிலைத்துவிட்டதும் இந்தக் காரணத்தால்தான். அங்கே சுற்றிலும் எலும்பும் காற்றுமே.

ஒரே நேரத்தில் பல ஸ்லைஸ் எடுக்கும் மல்டிபேண்ட் முறையை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது கோணலைக் குறைக்காது, நேரத்தைத்தான் குறைக்கும். ஆனால் மேலே சொன்ன எதனோடும் கூட்டு சேரும். ரிசால்வின் நீண்ட நேரத்தை நடைமுறைக்கு இறக்கியதில் இதற்குப் பெரும் பங்கு.

இன்னொரு வழி, எதையும் வாங்க வேண்டாத வழி: பி 0 படத்தை எதிர் ஃபேஸ் திசையிலும் ஒருமுறை எடுத்துவிடுவது. ஒன்றில் நீண்டது மற்றதில் நசுங்கும். இரண்டையும் வைத்து உண்மை இடத்தைக் கணிக்கலாம். ஆண்டர்சன், ஸ்கேர், ஆஷ்பர்னர் 2003இல் கொடுத்த முறை. எஃப்எஸ்எல் மென்பொருளில் டாப்அப் என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு நிமிடத்துக்கும் குறைவான கூடுதல் ஸ்கேன். கையில் காசில்லாத மையத்துக்கு என் முதல் பரிந்துரை இதுதான். குறை ஒன்று உண்டு: பல பிக்சல்களின் சிக்னல் ஒரே இடத்தில் குவிந்துபோன இடங்களில் முழுமையாகப் பிரித்தெடுக்க இயலாது. பிட்யூட்டரிக்கு இதை மட்டும் நம்ப மாட்டேன்.

படி 4: நிமிடங்களைச் சமமாக்குங்கள்

ஒரு நிமிட சிங்கிள்-ஷாட்டை ஐந்து நிமிட ரிசால்வோடு பக்கத்தில் வைத்து “பார், எவ்வளவு தெளிவு” என்பது ஒப்பீடு அல்ல. அந்த ஐந்து நிமிடத்தையும் சிங்கிள்-ஷாட்டுக்குக் கொடுத்து, ஆவரேஜ் (திரும்பத் திரும்ப எடுத்துச் சராசரியாக்குவது) ஏற்றி, எதிர்த்திசைப் படமும் எடுத்துத் திருத்திய பிறகு வையுங்கள். வித்தியாசம் பாதியாகச் சுருங்குவதும் உண்டு. சுருங்காத மீதிதான் நுட்பத்தின் உண்மையான பலம்.

வாக்சல், ஸ்லைஸ் தடிமன், பி-மதிப்புகள், திசைகள், கொழுப்பு அடக்க முறை, ஸ்லைஸ் நிற்கும் இடம் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். எக்கோ நேரத்தை மட்டும் ஒவ்வொரு நுட்பமும் தன்னால் முடிந்த அளவு குறைத்துக்கொள்ள விடுங்கள், ஏனென்றால் குறுகிய எக்கோ நேரம் அந்த நுட்பம் சம்பாதித்த லாபம். ஆனால் எழுதி வையுங்கள். மூளைக்கட்டி ஆய்வுகளுக்காக 2015இல் வெளியான பொதுப் புரோட்டோகால் பி 0, 500, 1000 என்றும் ஸ்லைஸ் 4 மிமீக்கு மிகாமலும் பரிந்துரைக்கிறது. அங்கிருந்து தொடங்கினால் உங்கள் முடிவுகளை மற்றவர்களும் பயன்படுத்த முடியும்.

ஆசைக்கு அணை போட ஒரு கணக்கு. 2 மிமீ கனசதுர வாக்சலை 1 மிமீ ஆக்கினால் கன அளவு எட்டில் ஒன்று, சிக்னலும் எட்டில் ஒன்று. அதை ஆவரேஜால் ஈடுகட்ட 64 மடங்கு நேரம் வேண்டும். கட்டி உள்ள மனிதரை அவ்வளவு நேரம் யாரும் படுக்கவைக்கப் போவதில்லை.

படி 5: நோயாளிக்கு முன் பனிக்கட்டி நீர்

ஒரு குப்பியில் நீர், அதைச் சுற்றி நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும். உள்ளே இருப்பது 0 டிகிரிக்கு வந்து நிலைத்தபின் ஸ்கேன் செய்யுங்கள். அந்த வெப்பத்தில் நீரின் விரவல் கெழு 1.1. எந்த இயந்திரமாக இருந்தாலும், எந்த நுட்பமாக இருந்தாலும் 1.1 வர வேண்டும். ஒரு நுட்பம் 1.02 காட்டினால் அதன் அழகான படத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் கிரேடியன்ட் அளவீட்டைச் சரிபார்க்க ஆளைக் கூப்பிடுங்கள். குப்பியைக் காந்தத்தின் நடுவிலும், பிறகு தலைப்பக்கம் பத்து சென்டிமீட்டர் தள்ளியும் வைத்துப் பாருங்கள்; ஓரத்தில் கிரேடியன்ட் நேர்கோட்டில் இல்லாததால் எண் விலகுவது தெரியும்.

செலவு, ஐஸ் கட்டிக்குக் கொடுக்கும் காசு. இதைச் செய்யாமல் வெளியாகும் ஒப்பீடுகளை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

படி 6: ஸ்கேன் நாள்

கூடுதல் வரிசைக்கு நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதியும் நோயாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வேண்டும். சிகிச்சைக்குத் தேவையான படங்கள் முடிந்த பிறகே ஆய்வுக்கான படம் என்ற விதியைப் பெரும்பாலும் வைப்பார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது: கடைசியில் வரும் வரிசைக்குத்தான் நோயாளி அதிகம் நெளிவார். எப்போதும் ரிசால்வைக் கடைசியில் வைத்தால் அது எப்போதும் தோற்கும். ஒப்பிடும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, ஒருவருக்கு இது முதலில், அடுத்தவருக்கு அது முதலில் என்று மாற்றி மாற்றி எடுங்கள். கான்ட்ராஸ்ட்டுக்கு முன்னால் என்றால் இரண்டும் முன்னால்.

தலைக்கு இருபுறமும் பஞ்சு மெத்தை நெருக்கமாக வையுங்கள். பல ஷாட் நுட்பங்களில் இதன் பலன் மென்பொருள் திருத்தங்களைவிடப் பெரிது. மூளைத்தண்டு துடிப்பது அதிகம் என்பதால் அங்கே நேவிகேட்டரும் தடுமாறலாம். பான்ஸில் தெரியும் மங்கலான வெள்ளைப் புள்ளி கட்டியா, மிச்சமிருக்கும் பேய் நிழலா என்று சிங்கிள்-ஷாட்டில் ஒருமுறை பார்த்துவிட்டு ரிப்போர்ட் எழுதுவது நல்லது.

படி 7: அளப்பது

இடப்பிசகிலிருந்து தொடங்குங்கள். அதே ஸ்லைஸ் இடத்தில் டர்போ ஸ்பின் எக்கோ டி2 படம் ஒன்று எடுத்திருப்பீர்கள். அதுதான் நம் உண்மை. கட்டியின் எல்லையை அதில் வரைந்து, பி 0 படத்திலும் தனியாக வரைந்து, இரண்டின் மேற்பொருத்தத்தை டைஸ் கெழுவாகவும், ஃபேஸ் திசையில் விளிம்பு நகர்ந்த மில்லிமீட்டராகவும் குறியுங்கள். பொருத்தும்போது தலையை நகர்த்தவும் திருப்பவும் மட்டும் அனுமதியுங்கள். வளைத்து நெளித்துப் பொருத்தும் முறையைப் போட்டால், நீங்கள் அளக்க வந்த கோணலையே மென்பொருள் துடைத்துவிட்டு எல்லா நுட்பமும் சமம் என்று சொல்லிவிடும்.

ஏடிசியில் மூன்று பொறிகள்.

முதலாவது, மேலே நினைவில் வைக்கச் சொன்ன 5 விழுக்காடு. பி 0இல் சிக்னல் இரைச்சலைப் போல 20 மடங்கு இருக்கும் ஒரு திரவப் பகுதியில், பி 1000இல் எஞ்சுவது இரைச்சலுக்குச் சமமான அளவு. எம்ஆர்ஐ படத்தில் இரைச்சல் எதிர்மறையாகப் போகாது. அதனால் சிக்னல் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும், ஏடிசி 3க்குப் பதில் 2.5 பக்கம் வந்து நிற்கும். வாக்சலைச் சிறிதாக்கும்போதெல்லாம் அழுகிய பகுதியின் ஏடிசி ‘குறைந்தால்’ முதலில் இரைச்சலைச் சந்தேகியுங்கள், கட்டியை அல்ல.

இரண்டாவது, ‘மிகக் குறைந்த ஏடிசி’ என்ற அளவு. கிளியோமாவின் தரத்தோடு தொடர்புபடுத்தி ஆய்வுகளில் அடிக்கடி வருவது. நூறு வாக்சலில் மிகச் சிறியதைத் தேர்ந்தெடுத்தால், இரைச்சல் எங்கே கீழே இழுத்ததோ அதைத்தான் எடுக்கிறீர்கள். உயர் தெளிவுப் படத்தில் வாக்சல்களும் அதிகம், இரைச்சலும் அதிகம். அதனால் அதில் குறைந்தபட்சம் எப்போதும் இன்னும் தாழ்வாகவே வரும். பக்கத்துத் திசு கலப்பது குறைந்ததாலும் அது தாழலாம் என்பது உண்மைதான். ஆனால் இரண்டையும் பிரிக்காமல் “உயர் தெளிவு கட்டியின் அடர்ந்த பகுதியைச் சரியாகப் பிடிக்கிறது” என்று எழுதிவிடுவது அவசரம். பத்தாம் சதமானத்தையோ, ஒரே கன அளவுள்ள சிறு வட்டத்தின் சராசரியையோ எடுங்கள்.

மூன்றாவது, ரத்தமும் சுண்ணாம்பும். டி2-ஸ்டார் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவற்றைத் தவிர்த்து வட்டம் போடுங்கள். வட்டத்தை டி2 அல்லது கான்ட்ராஸ்ட் டி1 படத்தில் போட்டு இரண்டு ஏடிசி வரைபடங்களுக்கும் மாற்றுங்கள். ஒவ்வொன்றிலும் கண்ணுக்கு அழகாகத் தெரியும் இடத்தில் போடாதீர்கள்.

வித்தியாசம் எவ்வளவு இருந்தால் பொருட்படுத்தலாம்? அளவீட்டுத் தரங்களை வகுத்த கிபா கூட்டமைப்பின் டிஃப்யூஷன் ஆவணத்தின்படி, மூளையில் ஏடிசி 11 விழுக்காடு அல்லது அதற்கு மேல் மாறினால்தான் 95 விழுக்காடு நம்பிக்கையோடு அதை உண்மை மாற்றம் எனலாம். இரண்டு நுட்பங்களுக்கு இடையே 4 விழுக்காடு வித்தியாசம் வந்தால் கட்டுரை எழுத உட்காராதீர்கள்.

சிக்னல்-இரைச்சல் விகிதத்தைத் தலைக்கு வெளியே கருப்புப் பகுதியில் வட்டம் போட்டு அளக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பேரலல் இமேஜிங்கில் இரைச்சல் இடத்துக்கு இடம் மாறும். ஒரே வரிசையை இருமுறை எடுத்துக் கழித்து, வித்தியாசத்தின் திட்ட விலக்கத்தை √2ஆல் வகுத்தால் அந்த இடத்தின் இரைச்சல் கிடைக்கும்.

கூர்மையைப் பற்றி ஒரே எச்சரிக்கை. கன்சோல் 128 மேட்ரிக்ஸை 256ஆக இடைச்செருகிக் காட்டும். டைகாம் தலைப்பில் (படக் கோப்போடு வரும் விவரப் பகுதியில்) எடுத்த மேட்ரிக்ஸ் எது, காட்டும் மேட்ரிக்ஸ் எது என்று பாருங்கள். ஆழ்கற்றல் மீட்பு என்று இப்போது வருபவற்றிலும் படம் வழவழப்பாக இருப்பதால் மயங்காமல், பனிக்கட்டி நீரும் இடப்பிசகு அளவும் என்ன சொல்கின்றன என்று பாருங்கள்.

படி 8: பெயரை மறைத்துக் காட்டுதல்

இரண்டு ரேடியாலஜிஸ்ட்களிடம் நுட்பத்தின் பெயர் அழித்த படங்களைக் கலைத்துக் கொடுத்து மதிப்பெண் கேளுங்கள். அனுபவசாலிகள் கோணலைப் பார்த்தே எது எது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். முழுமையாக மறைக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டு எழுதுங்கள். “எது அழகு?” என்று கேட்காமல் “கட்டி பார்வை நரம்பைத் தொடுகிறதா?” போன்ற, அறுவையில் விடை தெரியக்கூடிய கேள்வியைக் கேளுங்கள்.

மதிப்பெண்களுக்கு வில்காக்சன் இணைச் சோதனை, இருவருக்கிடையே ஒத்திசைவுக்கு எடையிட்ட கப்பா. ஏடிசிக்கு, பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இல் பரிந்துரைத்த வித்தியாச வரைபடம். ஒட்டுறவுக் கெழு 0.95 என்று மட்டும் போடுவது எதையும் நிரூபிக்காது. ஒரு நுட்பம் எல்லாவற்றையும் பத்து விழுக்காடு கூட்டிக் காட்டினாலும் அந்த எண் அசையாது.

எதை எங்கே வைப்பேன்

மண்டையோட்டு அடித்தளம், சிறுமூளை, பான்ஸ் கோணம்: ரிசால்வ் அல்லது மியூஸ், உங்கள் இயந்திரம் எதைத் தருகிறதோ அது. பிட்யூட்டரிக்கு மட்டும் என்றால் குறுக்கிய பார்வைப்புலத்தையும் முயன்று பார்ப்பேன். உலோகத் தட்டு போட்ட அறுவைக்குப் பின்: பிளேடு வகை. நெளியும் நோயாளி, மயக்க மருந்து கொடுக்க முடியாத குழந்தை, அவசர ஸ்கேன்: சிங்கிள்-ஷாட், யோசிக்கவே வேண்டாம்.

நார்ப்பாதைக்கு மல்டிபேண்ட் சிங்கிள்-ஷாட்டும் எதிர்த்திசைத் திருத்தமும். அறுபது திசைகளை ரிசால்வில் எடுக்க நேரம் தாங்காது. கட்டியைச் சுற்றிய நீர்க்கோர்வையில் பாதை காணாமல் போனால், பாதை அழிந்துவிட்டது என்று எழுதாதீர்கள். நீர் கலந்ததால் திசைத்தன்மை குறைந்து கணிப்பு நின்றிருக்கலாம். இதை எந்த உயர் தெளிவும் தானாகத் தீர்க்காது.

இயந்திரம் கையில் இல்லாதவர்கள்

ஓப்பன்நியூரோ என்ற திறந்த தரவுத்தளத்தில் பெல்ஜியத்தின் கென்ட் (Ghent) பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட மூளைக்கட்டித் தொகுப்பு இருக்கிறது. எதிர் ஃபேஸ் திசைப் படங்களும் அதில் உண்டு. அதை இறக்கி, இரைச்சல் நீக்கம், கிப்ஸ் வளையத் திருத்தம் (கூரிய விளிம்பருகே தோன்றும் போலிக் கோடுகளை நீக்குவது), டாப்அப், எடி (தலை அசைவையும் சுழல் மின்னோட்டக் கோணலையும் திருத்துவது) என்ற வரிசையில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நீக்கம் எப்போதும் முதலில். மற்ற எந்தப் படி படத்தை நகர்த்தி இடைச்செருகினாலும் இரைச்சலின் இயல்பு மாறிவிடும். திருத்தத்துக்கு முன்னும் பின்னும் கட்டியின் விளிம்பை டி1 படத்தின்மேல் வைத்து மில்லிமீட்டரில் எழுதுங்கள். யூசிஎஸ்எஃப் (சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) வெளியிட்ட கிளியோமாத் தொகுப்பு கேன்சர் இமேஜிங் ஆர்க்கைவில் கிடைக்கிறது. 3 டெஸ்லாவில் 55 திசைகளில் எடுத்தது, நார்ப்பாதை பழகத் தோதானது.

இயந்திரம் உள்ளவர்களுக்கு ஒன்று: மென்பொருள் பதிப்பு மாறும் ஒவ்வொரு முறையும், கிரேடியன்ட் பழுது பார்க்கும் ஒவ்வொரு முறையும் பனிக்கட்டி நீர்ச் சோதனையைத் திரும்பச் செய்து, தேதியோடு புரோட்டோகால் தாளின் பின்புறம் குறித்துவையுங்கள். ஆய்வின் நடுவில் பதிப்பு மாறியிருந்தால், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த நோயாளிகளைத் தனித்தனியாகவே பகுப்பாய்வு செய்யுங்கள்.